சப்பும் மாத்திரையும் உமிழ்நீரின் அவசரமும்

பல்லுக்கும் ஈறுக்கும் நல்லது, தினமும் ஒன்று சப்புங்கள் என்று விற்கப்படும் மாத்திரைப் புட்டியைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கூட்டமே நிற்கும். சைலிட்டால், இனுலின், டிரைகால்சியம் பாஸ்பேட், மாலிக் அமிலம், துத்தநாகம், புதினா. அதோடு வாயில் நுழையாத பெயர்களில், வாயில் நுழையவிருக்கும் மூன்று நான்கு பாக்டீரியாக்கள். இவற்றில் பெரும்பாலானவற்றின் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. எனவே எல்லாம் ஏமாற்று என்று ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் எழுதாத ஒரு விஷயம்தான் பலனைத் தீர்மானிக்கிறது: இந்தப் பொருள் வாயில் எவ்வளவு நேரம் தங்கும்?

நம் வாயில் எந்த நேரத்திலும் இருக்கும் உமிழ்நீர் சுமார் 1 மி.லி.தான். அது பல்லின் மேலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் ஒரு தாளின் கனத்துக்குப் படலமாகப் பரவியிருக்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 மி.லி. அளவுக்குச் சுரக்கும். எதையாவது சப்பத் தொடங்கினால் பல மடங்கு கூடும். இப்படி ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரந்து, அவ்வளவும் தொண்டை வழியே இறங்கிவிடுகிறது. வாயில் கரைந்த எதுவும் சில நிமிடங்களில் நீர்த்து, வயிற்றுக்குப் போய்விடும். மாத்திரையைச் சப்பும் செயலே உமிழ்நீரைத் தூண்டி, மாத்திரையில் உள்ளதை இன்னும் வேகமாகக் கழுவித் தள்ளுகிறது என்பது இதிலுள்ள வேடிக்கை.

இந்த அவசரம் ஏன் முக்கியம் என்று புரிய, பல்லில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பல்லின் மேலோடான எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்ற படிகம் அது. உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் அதில் உயிரணு கிடையாது. போனது தானாக வளராது. பல்லைச் சுற்றியுள்ள பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) 5.5 வாக்கில் இறங்கினால் அந்தப் படிகம் கரையத் தொடங்கும். 1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பல்லின் மேல் படியும் பிளேக் படலத்தின் பிஎச் அளவை நுண்ணிய மின்முனைகளால் அளந்தார். சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே அது சரிந்தது. பழைய நிலைக்கு ஏறிவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடித்தது. அந்தப் படலத்தில் வாழும் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கிறது, பல் கரைகிறது. பிறகு உமிழ்நீர் வந்து அமிலத்தைத் தணித்து, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொண்டு ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. ஒரு நாளில் இந்தக் கரைதலும் படிதலும் பல முறை நடக்கின்றன. கரைதலின் கை ஓங்கினால்தான் சொத்தை.

ஆக, வாய்க்கு இருப்பதிலேயே நல்ல மருந்து உமிழ்நீர். வேறு எந்த மருந்தையும் தங்கவிடாததும் அதே உமிழ்நீர்தான். அதை மீறி வேலை செய்ய ஒரு பொருளுக்கு மூன்று வழிகள்தான் தெரிகின்றன. அடிக்கடி வரலாம்; எங்காவது ஒட்டிக்கொள்ளலாம்; அல்லது குடியேறி உயிர் வாழலாம். மாத்திரையில் உள்ள ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணால் பார்த்தால் பட்டியல் சட்டென்று தெளிவாகிவிடும்.

அடிக்கடி வர வேண்டியது: சைலிட்டால்

சைலிட்டால் ஐந்து கார்பன் கொண்ட சர்க்கரை ஆல்கஹால். நாக்குக்குச் சர்க்கரை போலவே இனிக்கும். சொத்தைக்குப் பெயர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா இதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கிறது, பாஸ்பேட்டையும் மாட்டிவிடுகிறது. அதற்குமேல் அதை என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. செலவழித்த ஆற்றல் வீண். உள்ளே தேங்கியதை வெளியே தள்ளவும் மறுபடி செலவு. அமிலமும் உண்டாவதில்லை. கேட்க அழகான கதை, வேதியியலும் சரிதான்.

1970களின் முதல் பாதியில் பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த புகழ்பெற்ற ஆய்வுகள்தான் இதற்குப் பெயர் வாங்கித் தந்தன. இரண்டு ஆண்டுகள் சைலிட்டால் உண்டவர்களுக்குப் புதிய சொத்தை மிகக் குறைவாக வந்தது. ஆனால் அந்தப் பங்கேற்பாளர்கள் மாத்திரை சப்பவில்லை; தங்கள் உணவில் இருந்த சர்க்கரையின் இடத்தையே சைலிட்டாலுக்குக் கொடுத்தார்கள். சொத்தை குறைந்ததில் சைலிட்டால் வந்ததற்கு எவ்வளவு பங்கு, சர்க்கரை போனதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். விளம்பரங்கள் இந்த இடத்தில் நின்று யோசிப்பதில்லை.

மாத்திரை வடிவத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு அமெரிக்காவில் நடந்து 2013இல் வெளியானது. சொத்தை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 691 பெரியவர்கள், தினமும் ஒரு கிராம் சைலிட்டால் மாத்திரைகள் ஐந்து, 33 மாதங்கள். சைலிட்டால் இல்லாத வெறும் மாத்திரை சப்பியவர்களைவிட இவர்களுக்குச் சொத்தை 10 சதவீதம் குறைவு. புள்ளியியல் கணக்கில் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்ற அளவுக்குச் சின்ன வித்தியாசம். ஈறு இறங்கி வெளியே தெரியும் பல் வேரில் வரும் சொத்தையை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. அது கவனிக்க வேண்டிய எண். என்றாலும் பின்னால் பிரித்துப் பார்த்துக் கிடைத்த எண்.

சைலிட்டாலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பயனுள்ள அளவு ஒரு நாளைக்கு 6 முதல் 10 கிராம், அதுவும் மூன்று தடவைக்குக் குறையாமல். ஒரு கிராம் எடையுள்ள மாத்திரை முழுக்கச் சைலிட்டாலாகவே இருந்தாலும் ஒரு கிராம்தான். தினமும் ஒன்று சப்பினால் அங்கே சைலிட்டால் இனிப்பூட்டியாக இருக்கிறதே தவிர மருந்தாக இல்லை. சர்க்கரை போடாமல் இனிப்பாக்கியிருக்கிறார்கள் என்ற மட்டில் நல்லதே. அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வரும். வீட்டில் நாய் இருந்தால் புட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். சைலிட்டால் நாய்க்கு இன்சுலினைத் தாறுமாறாகச் சுரக்கவைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

குடியேறப் பார்ப்பவை

டச்சுக்காரரான லீவன்ஹூக் தன் பல்லிடுக்கில் சுரண்டிய வெள்ளைப் பசையைத் தன் கையால் செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே குட்டி உயிர்கள் துள்ளுகின்றன என்று 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இன்று மனித வாயில் கண்டறியப்பட்டுள்ள பாக்டீரியா வகைகள் 700ஐத் தொடுகின்றன. எல்லாவற்றையும் கொல்ல முடியாது, கொல்லவும் கூடாது. நல்லவற்றைக் கொண்டுபோய் விட்டால் கெட்டவற்றுக்கு இடம் குறையும் என்பதுதான் புரோபயாடிக் மாத்திரையின் அடிப்படை யோசனை.

இங்கே ஒரு பெயர் விவகாரம். பாக்டீரியாவின் வகைப்பெயர் தெருப்பெயர் மாதிரி. அதன் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும்தான் கதவு எண். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் அது தெரு. கே12, எம்18 என்று இருந்தால்தான் எந்த வீடு என்று தெரியும். ஆய்வுகள் எல்லாமே வீட்டுக்குச் சொந்தமானவை, தெருவுக்கு அல்ல. கதவு எண் இல்லாத புட்டியை நான் வாங்கமாட்டேன்.

அந்தக் கே12, எம்18 இரண்டும் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டேக் என்பவரின் பல்லாண்டு ஆய்விலிருந்து வந்தவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ் பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் வாய்க்கு வந்துவிடும் பழைய குடி. நாக்குதான் அதன் வீடு. கே12 தன் அண்டைப் பகைவர்களைக் கொல்லச் சலிவாரிசின் என்ற புரதத் துணுக்குகளைச் சுரக்கிறது. எம்18 அதோடு இரண்டு நொதிகளையும் வைத்திருக்கிறது. ஒன்று பிளேக்கின் பசையை அறுக்கும் டெக்ஸ்ட்ரனேஸ். மற்றொன்று யூரியேஸ், உமிழ்நீரில் இயல்பாகவே இருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, அமிலத்தைத் தணிக்கும்.

கே12 வாய்நாற்றத்தைக் குறைக்கிறதா என்று பார்த்த, 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 23 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு வாரத்தில் கே12 எடுத்தவர்களில் 85 சதவீதம் பேருக்கு நாற்றம் தரும் கந்தக வாயுக்கள் கணிசமாகக் குறைந்தன. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு. நல்ல எண்தான். ஆனால் செய்முறையைப் படிக்க வேண்டும். அவர்கள் முதலில் மூன்று நாட்கள் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் வாய் கொப்பளித்து, பழைய குடிகளைக் காலி செய்த பிறகுதான் கே12ஐ உள்ளே விட்டார்கள். நெருக்கடியான ஊரில் இடம் காலியானால்தானே புதியவருக்கு வீடு? புட்டியை வாங்கி நேரடியாகச் சப்புபவருக்கு இந்த முன்வேலை நடப்பதில்லை.

அடுத்த பெரிய பெயர் லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி. 2020இல் அந்தப் பேரினத்தையே பல துண்டாக்கியதால் இப்போது அதற்கு லிமோசிலாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி என்று பெயர். புட்டிகளில் பழைய பெயரும் வரும், குழம்ப வேண்டாம். ஈறு நோய்க்காகப் பல் மருத்துவர் வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு, இந்த மாத்திரையைத் தினமும் இரண்டு வீதம் 12 வாரம் 30 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே நோயால் உண்டான ஆழமான ஈறுப்பைகள் கூடுதலாகச் சுருங்கின. இங்கேயும் 'சுத்தம் செய்த பிறகு' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பிளேக் என்பது பாக்டீரியா தானே பசை சுரந்து கட்டிய கோட்டை. அதை எந்த மாத்திரையும் பெயர்த்தெடுப்பதில்லை. பிரஷ்ஷும் மருத்துவரின் கருவியும்தான் பெயர்த்தெடுக்கும்.

லாக்டோபேசில்லஸ் குடும்பத்தில் இன்னொரு சங்கடம். அவையும் சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்குபவைதான். முற்றிய சொத்தைக் குழிக்குள் லாக்டோபேசில்லஸ் கூட்டமாக இருப்பது பல் மருத்துவத்தில் நூறாண்டுப் பழைய செய்தி. எல்லா ரகமும் பல்லைக் கெடுக்கும் என்று அர்த்தமில்லை. குடலுக்கு நல்லது என்பதற்காகப் பல்லுக்கும் நல்லதாகிவிடாது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு யோசனை. லாக்டோபேசில்லஸ் பாராகேசியின் ஒரு ரகம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸைக் கண்டால் போய்க் கட்டிக்கொள்ளும். ஜெர்மன் ஆய்வாளர்கள் அதைக் கொன்று, செத்த உடலாகவே மிட்டாயில் சேர்த்துச் சோதித்தார்கள். செத்தாலும் அதன் பிடி போவதில்லை. இரண்டும் கட்டிக்கொண்டு கட்டியாகி, உமிழ்நீரோடு விழுங்கப்பட்டு வெளியேறுகின்றன. மற்ற எல்லோரும் உமிழ்நீரின் அவசரத்தோடு சண்டை போட, இது மட்டும் அந்த அவசரத்தையே வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

உயிரோடு இருக்க வேண்டிய பாக்டீரியாவை மாத்திரையாக்குவதும் லேசான காரியமில்லை. உறைய வைத்து ஈரத்தை உறிஞ்சி உலர்த்தி, தூக்க நிலையில் பொடியாக்கி, அழுத்தி மாத்திரையாக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் அதற்கு எமன். புட்டியில் போட்டிருக்கும், இத்தனை கோடி பாக்டீரியா என்ற கணக்கு தயாரித்த அன்றுள்ளதா, காலாவதி நாள்வரை உத்தரவாதமா என்று பார்க்க வேண்டும். பின்னது சொல்லப்படவில்லை என்றால் முன்னதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியே உயிரோடு வந்து சேர்ந்தாலும் பெரும்பாலானவை நிரந்தரக் குடிகளாவதில்லை. சப்புவதை நிறுத்தினால் சில வாரங்களில் வாயில் தென்படாமல் போய்விடும். குடியேற்றம் என்று சொன்னேனே, வாடகைக் குடியிருப்பு என்பதே பொருத்தம். நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்கள் உயிருள்ள பாக்டீரியா மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கூட வரும் மற்றவை

இனுலினைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அது குடல் பாக்டீரியாவுக்கு உணவாகும் நார். வாயில் அதற்கு வேலை கிடையாது. சொல்லப்போனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸிடமே இனுலினை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. குடல் மாத்திரையின் பட்டியலைப் பார்த்து வாய் மாத்திரைக்கு எழுதியது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

டிரைகால்சியம் பாஸ்பேட், டைகால்சியம் பாஸ்பேட் இரண்டும் பல்லின் மூலப்பொருளையே கொண்டவை என்பதால் பார்த்தவுடன் நம்பிக்கை வரும். ஆனால் இவை நீரில் சுலபமாகக் கரையாது. கரையாத கால்சியம் பல்லுக்குள் புகாது. மருந்துத் தொழிலில் இவற்றுக்குப் பழைய வேலை வேறு: மாத்திரைக்குப் பருமன் கொடுப்பது, பொடி கட்டியாகாமல் பார்த்துக்கொள்வது. பட்டியலில் அதே பெயர் சத்தாகவும் நிற்கலாம், நிரப்பியாகவும் நிற்கலாம். கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல் ஏற்கும் வடிவில் பிடித்து வைக்கும் வழி ஒன்றை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெனால்ட்ஸ் குழுவினர் கண்டார்கள். பாலில் உள்ள கேசின் புரதத்தின் துணுக்குகளைக் கொண்டு அவற்றைப் படிகமாகாமல் சுற்றிவைப்பது அது. பிளேக்கிலும் பல்லிலும் ஒட்டவும் செய்கிறது. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் ஆகாது.

துத்தநாகம் ஒட்டும் இனம். நாக்கின் பின்பக்கத்தில் வாழும் பாக்டீரியா புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் என்ற கந்தக வாயுக்களை விடுவதுதான் வாய்நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம். துத்தநாகம் அந்தக் கந்தகத்தைப் பிடித்து மணமற்ற உப்பாக்கிவிடும். பிளேக்கில் தங்கிச் சில மணி நேரம் வேலை செய்யும். புதினாவில் உள்ள மெந்தால் செய்வது வேறு. குளிரை உணரும் நரம்புகளின் டிஆர்பிஎம்8 என்ற வாயிலைத் திறந்து, குளிராமலேயே குளிர்ந்தது போலக் காட்டும். டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் இருவரும் தனித்தனியே இதைக் கண்டார்கள். வெப்ப, தொடு உணர்வு பற்றிய பணிக்காக 2021இல் நோபல் பரிசும் பெற்றார்கள். சுத்தமாகிவிட்டது என்று வாய் நம்புவதில் பாதி அந்த வாயிலின் வேலை.

ஒட்டிக்கொள்வதில் யாரும் நெருங்க முடியாதது ஃபுளோரைடு. அது பல்லின் மேலும் பிளேக்கிலும் கால்சியத்தோடு சேர்ந்து சின்னச் சின்னச் சேமிப்புகளாகப் படிகிறது. பிஎச் இறங்கும்போது, அதாவது தேவைப்படும் அதே நேரத்தில், கரைந்து வெளிவந்து கனிமம் மீண்டும் படிய உதவுகிறது. அப்படிப் படிவது பழையதைவிட அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும், 4.5 வரை இறங்கினால்தான் கரையும். குழந்தைகளிடையே நடந்த ஆய்வுகளைத் தொகுத்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் மதிப்பீடு, ஃபுளோரைடு பற்பசை சொத்தையைச் சராசரியாக 24 சதவீதம் குறைப்பதாகக் கணக்கிட்டது. 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஃபுளோரைடு சப்பும் மாத்திரையில் அநேகமாக இருக்காது; மென்று நுரையாக்கிப் பல் துலக்கும் பற்பசை மாத்திரையில் இருக்கும். அந்த உலர்ந்த வடிவத்துக்கு ஒரு வேதியியல் அனுகூலம் உண்டு. ஈரமான பற்பசைக்குள் கால்சியமும் ஃபுளோரைடும் நாள்கணக்கில் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பயனற்றுப்போகும். நீர் இல்லாத மாத்திரையில் அந்தச் சண்டை வாய்க்கு வரும்வரை தொடங்காது. கெடாமல் காக்கும் பொருளும் அதிகம் தேவையில்லை. எல்லாப் பற்பசை மாத்திரையிலும் ஃபுளோரைடு இருப்பதில்லை என்பதால் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்ற எண்ணைத் தேடிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சிலவற்றில் அதற்குப் பதிலாக நுண்துகள் ஹைட்ராக்சிஅபடைட் இருக்கும். ஜப்பானில் 1980இலேயே பற்பசைக்கு வந்துவிட்ட பொருள் அது. பெரியவர்களிடம் 18 மாதம் சோதித்து 2023இல் வெளியான ஆய்வு, அது ஃபுளோரைடுக்குச் சளைத்ததில்லை என்றது. ஆனால் ஃபுளோரைடின் பின்னால் நிற்கும் ஆய்வுக் குவியலோடு ஒப்பிட்டால் அது இன்னும் இளைய பிள்ளைதான்.

மாலிக் அமிலத்தைக் கடைசியில் சொல்லக் காரணம் உண்டு. ஆப்பிளுக்குப் புளிப்புத் தரும் அமிலம் அது. புளிப்பு உமிழ்நீரைத் தூண்டும். வாய் வறட்சி உள்ளவர்களுக்கு அந்த வகையில் பயன்படுகிறது. ஆனால் பல்லைக் காக்கும் மாத்திரையில் பல்லைக் கரைக்கவல்ல பொருளும் அதுவேதான். பகலில் உமிழ்நீர் பெருகி ஓடும்போது அந்தச் சிறு அளவு பெரிதாகத் தெரியாது. தூங்கும்போது உமிழ்நீர் ஏறக்குறைய நின்றே போகிறது. அதனால்தான் புரோபயாடிக் மாத்திரையை இரவில் பல் துலக்கிய பிறகு, படுக்கும் முன் சப்பச் சொல்கிறார்கள். கழுவித் தள்ள ஆளில்லாத நேரத்தில் பாக்டீரியா நாக்கைப் பற்றிக்கொள்ளட்டும் என்று. அதே நேரத்தில் அமிலத்தைத் தணிக்கவும் ஆளில்லை. இரண்டும் ஒரே மாத்திரையில் இருந்தால் எந்த நேரத்தில் சப்புவது என்பதற்கு அந்தப் புட்டி பதில் சொல்வதில்லை. மாலிக் அமிலம் சேராத புட்டியாகப் பார்த்து எடுப்பதுதான் சுலபம்.